சிரிப்பு முதுகெலும்பில் தொடங்குகிறது: நகைச்சுவை வேடம் போடுவோருக்கு ஒரு செய்முறை

கோயில் திருவிழா நாடகத்திலோ பள்ளி ஆண்டு விழாவிலோ உங்களுக்கு நகைச்சுவை வேடம் கொடுத்துவிட்டார்கள். கையில் நான்கு பக்க வசனம் இருக்கிறது. புதியவர்கள் உடனே இரண்டு காரியம் செய்வார்கள். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணலாக்கிப் பார்ப்பார்கள்; தொண்டையை இறுக்கி ஒரு கீச்சுக்குரலைப் பிடிப்பார்கள். இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முகச்சேட்டை முதல் இரண்டு வரிசையைத் தாண்டாது. இறுக்கிய குரல் அரை மணி நேரத்தில் கம்மிவிடும்.

முகம் இல்லாமல் சிரிக்கவைக்க முடியுமா என்று கேட்பவர்கள் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். மரப்பொம்மைக்குக் கடைசி வரை ஒரே முகம்தான். கண் சிமிட்டாது, புருவம் ஏறாது. ஆட்டுபவரின் தலையில் இருக்கும் வளையத்திலிருந்து கயிறுகள் இறங்குகின்றன. பொம்மையின் கைகளைக் கம்பிகள் இயக்குகின்றன. பத்து கிலோ வரை கனக்கும் பொம்மைகளும் உண்டு. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு கோமாளிப் பொம்மை தலையைச் சற்றே சாய்த்து, ஒரு கணம் நின்று, பிறகு மெல்லத் திரும்பினால் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். சாய்வு, நிறுத்தம், திருப்பம். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

எடுத்துக்காட்டாக ஒரு பாத்திரத்தைப் படிப்படியாகக் கட்டுவோம். ஒரு பெரிய பண்ணையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பண்ணை போய்விட்டது, நிலமும் கைமாறிவிட்டது. ஆனால் அவர் இடுப்பில் இன்னும் சாவிக்கொத்து தொங்குகிறது. சொந்தமாக இருக்கும் துண்டு நிலத்தில் விளைந்த இரண்டு மூட்டை நெல்லுடன் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறார், இருநூறு மூட்டையுடன் வருபவரைப் போல.

முதல் படி: அவருக்கு என்ன வேண்டும்?

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உங்கள் பாத்திரம் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றும் தெரியாதவனின் பேதைமை வேறு. ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டதை உலகம் மாறினாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மடன் வேறு. நம் கணக்கப்பிள்ளை இரண்டாவது வகை. அவர் கோமாளி அல்லர். அவருக்கு வேண்டியது மரியாதை, அதுவும் உடனே. அந்தத் தேவையை நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டால் பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். மேடையில் இருப்பவர்களிலேயே மிகவும் தீவிரமான ஆள் நகைச்சுவைப் பாத்திரம்தான்.

இரண்டாம் படி: நடையைத் திருடுங்கள்

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. மனிதர்களின் நடையைத் தரையே வகுத்துக்கொடுக்கிறது. வரப்பில் நடந்து பழகியவர் தார்ச்சாலையிலும் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைப்பார். பார்வை இரண்டு அடி முன்னால் தரையில் இருக்கும். கைகள் உடம்பை விட்டு இலேசாக விலகியிருக்கும். நாற்றங்கால் சேற்றில் வேலை செய்பவர் முழங்காலை உயர்த்திக் காலைப் பிடுங்கி எடுத்து வைப்பார். வரப்பில் ஏறாமல் குடை பிடித்து ஓரமாக நின்றே வேலை வாங்கியவர் இந்த இரண்டு போலவும் நடக்க மாட்டார். அவருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் பழக்கம்.

கும்பகோணம் பேருந்து நிலையத்திலோ தஞ்சாவூர் கீழவாசலிலோ ஒரு மணி நேரம் உட்காருங்கள். யாருடைய முகத்தையும் பார்க்காதீர்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். மூன்று நடைகளைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு வந்து நடந்து பாருங்கள். பின்தொடர்ந்து போய் நடித்துக் காட்ட வேண்டாம். அடி வாங்கினால் நான் பொறுப்பல்ல.

அடுத்து, உடம்பின் எந்தப் பகுதி முதலில் போகிறது என்று சோதியுங்கள். மூக்கில் ஒரு நூல் கட்டி யாரோ இழுப்பதாக நினைத்து நடந்தால் ஊர்வம்பு தேடுபவர் வந்துவிடுவார். நெஞ்சை இழுத்தால் பெருமைக்காரர். தொப்புளை இழுத்தால் சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசையைப் பிடிப்பவர். முழங்கால் முன்னால் போய் மேல் உடம்பு பின்தங்கினால் பயந்தாங்கொள்ளி. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். முகம் தானாக மாறுவதைக் கவனிப்பீர்கள். அந்த முகம்தான் வேண்டிய முகம்.

கணக்கப்பிள்ளைக்கு நெஞ்சு முன்னால் போகட்டும். ஆனால் வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நெஞ்சு ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது. உடம்பின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே நடக்கும் இந்தச் சண்டை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: கனம், வேகம், திசை

அசைவுகளை ஆராய்ந்த ருடால்ஃப் லாபான் வகுத்துக்கொடுத்த முறையை உலகம் முழுவதும் நடிப்புப் பள்ளிகளில் பயன்படுத்துகிறார்கள். அதைத் தொடக்கநிலைக்குச் சுருக்கினால் மூன்று கேள்விகள் போதும். அசைவு கனமா, இலேசா? திடீரென்று நிகழ்கிறதா, இழுத்து நிகழ்கிறதா? நேராகப் போகிறதா, வளைந்து போகிறதா? கணக்கப்பிள்ளையின் அசைவு கனம், இழுவை, நேர். எதிரில் இருக்கும் கொள்முதல் நிலைய ஊழியருக்கு இதன் தலைகீழ்: இலேசு, படபடப்பு, நான்கு பக்கமும் பார்வை. இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் வசனம் தொடங்கும் முன்பே ஏதோ நடக்கப்போகிறது என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

நுழைவுக்குத் தனியாகப் பாடுபடுங்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் நாடகம் தெலுங்கில் இருக்கிறது. தொடக்கத்தில் கூம்புக் குல்லாய் வைத்த கோணங்கி என்னும் கோமாளி துள்ளிக்கொண்டு வருகிறார். தெலுங்கில் ஒரு சொல் தெரியாத பிள்ளைக்கும் வந்திருப்பவர் யார் என்று அந்தத் துள்ளலிலேயே புரிந்துவிடும். அதே மேடையில் ஆண்கள் பெண் வேடம் ஏற்பதையும் பாருங்கள். யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அங்கே அது பயிற்சி பெற்ற உடல்மொழி. ஓர் ஆண் புடவை கட்டி வந்தாலே நகைச்சுவை ஆகிவிடும் என்று நினைக்கும் நாடகக் குழுக்கள் இதைப் பார்த்து யோசிக்கலாம். திக்குவாய், ஊனம், ஒரு சாதியின் பேச்சு வழக்கு ஆகியவற்றைக் காட்டிச் சிரிப்பு வாங்குவதும் அதே சோம்பல்தான். சிரிப்பு வரும், பாத்திரம் வராது.

நான்காம் படி: குரல்

குரலை இங்கே, நான்காம் படியில், தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, மெதுவாக நடந்துவிட்டு, அந்த நிலையை மாற்றாமல் "வணக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். குரல் வேறாக இருக்கும். உடம்பு கொடுக்கும் அந்தக் குரலைத் தொண்டை வலிக்காமல் இரண்டு மணி நேரம் பேச முடியும்.

மூச்சை வயிற்றுக்கு இறக்குங்கள். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்தால் அது ஏறி இறங்க வேண்டும். பிறகு குரல் எங்கே அதிர்கிறது என்று தேடுங்கள். மார்பில் கை வைத்துத் தாழ்ந்த சுருதியில் "ஆ" என்று சொன்னால் எலும்பு அதிரும். "ங்" என்று இழுத்தால் மூக்கு அதிரும். மூக்கைப் பிடித்தால் ஒலி நின்றுவிடும். சுருதியை ஏற்றினால் அதிர்வு நெற்றிக்குப் போவது போலத் தோன்றும். ஒரே வசனத்தை மூன்று இடங்களிலும் பேசிப் பழகுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய பயிற்சி: வெற்றிலைக் குரல். வாயில் சாறு நிறைந்திருப்பவர் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். முகவாய் உயரும், உதடு குவியும், கண் கீழ்நோக்கும். ப, ம போன்ற உதடு மூடும் எழுத்துகள் கரைந்துவிடும். உயிரெழுத்துகளும் கையசைவும் மட்டும் மிஞ்சும். வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு முகவரி சொல்லிப் பாருங்கள். துப்பிவிட்டு அதே உதட்டு நிலையில் பேசுங்கள். மேடையில் இதை முழு வசனத்துக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். சபைக்கு ஒன்றும் புரியாது. முக்கியமான சொல்லுக்கு முன்னால் சாற்றை விழுங்கிவிட்டுத் தெளிவாகச் சொல்லுங்கள். விழுங்குகிற அந்த இடைவெளியே ஒரு நிறுத்தம் ஆகிவிடும்.

குரல் மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்குக் காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினத்தில் பிறந்த கே. ஏ. தங்கவேலு போதும். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். குதிக்காமல், ஓடாமல், நிதானமாக இழுத்து இறக்கும் பேச்சிலேயே வேலையை முடித்துவிடுவார். 1937-இல் மன்னார்குடியில் பிறந்த மனோரமாவுக்கு வட்டார வழக்குகள் பலம். அவர் வழக்கை மாற்றும்போது கழுத்தும் தோளும் சேர்ந்து மாறுவதைக் கவனியுங்கள்; உச்சரிப்பை மட்டும் மாற்றினால் அது மிமிக்ரியோடு நின்றுவிடும்.

ஐந்தாம் படி: காலக்கணக்கு

தவில் ஒலிக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தாளச் சொற்கட்டில் "தகிட" மூன்று எண்ணிக்கை, "தகதிமி" நான்கு. வசனத்தைப் பேசிவிட்டு மனத்துக்குள் ஒரு "தகிட" சொல்லுங்கள், பிறகு அடுத்த சொல். போதவில்லையென்றால் "தகதிமி". எது சரி என்பதைச் சபைதான் சொல்லும்; ஆனால் எண்ணாமல் விடும் நிறுத்தம் பதற்றத்தில் சுருங்கிவிடும் என்பது உறுதி.

நம் காட்சிக்கு வருவோம். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் என்பது விதி. ஊழியர் கருவியைப் பார்த்து, "ஐயா, ஈரம் கூடுதல். காயவைத்துக் கொண்டுவாருங்கள்" என்கிறார். கணக்கப்பிள்ளையின் பதில்: "என் கை பட்டால் நெல் தானாகக் காயும்."

புதியவர் இதைச் சொல்லிக்கொண்டே கையை மூட்டைக்குள் விடுவார். வசனமும் போய்விடும், கையும் போய்விடும். பிரித்துச் செய்யுங்கள். முதலில் கை மெதுவாக மூட்டைக்குள் போகிறது, பேச்சு இல்லை. ஒரு பிடி நெல்லை எடுக்கிறார். நிற்கிறார். "என் கை பட்டால்" - தகிட - "நெல் தானாகக் காயும்." மீண்டும் அசைவில்லை. இப்போது, நெல்லைக் கீழே உதிர்ப்பதற்காக, கையை மிகக் கௌரவமாகக் கவிழ்க்கிறார். நெல் விழவில்லை. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கையைப் பார்க்கக் கூடாது. ஊழியரையே பார்க்க வேண்டும். ஊழியர்தான் கையைப் பார்க்கிறார். சிரிப்பு இங்கே வரும். பிறகு, முகம் மாறாமல், தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

ஊழியர் வேடக்காரருக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கணத்தில் தலையைச் சொறியாதீர்கள், காகிதத்தைப் புரட்டாதீர்கள். மேடையில் எது அசைகிறதோ அதைத்தான் சபை பார்க்கும். இன்னொருவரின் சிரிப்பை நகர்ந்தே கெடுத்துவிடலாம்.

ஆறாம் படி: மைக்

திருவிழா மேடையில் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும் மைக்தான். பேசிக்கொண்டே நடந்தால் பாதி வசனம் காற்றில் போகும். ஆகவே நடையை வசனத்துக்கு முன்னாலோ பின்னாலோ வையுங்கள். மைக் அருகில் இருக்கும்போது கத்தாதீர்கள். மெல்லச் சொல்லும் அவமானம் கடைசி வரிசை வரை போகும்.

ஏழாம் படி: சிரிப்புக்கு இடம் விடுங்கள்

ஒத்திகையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்; எல்லாருக்கும் வசனம் தெரியும். அதனால் சிரிப்புக்கான இடைவெளியையும் சேர்த்தே ஒத்திகை பாருங்கள். மேடையில் சிரிப்பு எழுந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுங்கள். முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் காட்சி ஆறிவிடும். உச்சியில் பேசினால் யாருக்கும் கேட்காது. காத்திருக்கும் நேரத்தில் பாத்திரமாகவே இருங்கள். கணக்கப்பிள்ளை அப்போது சாவிக்கொத்தை எண்ணலாம்.

சிரிப்பு வரவில்லையென்றால்? குரலை உயர்த்தாதீர்கள், முகத்தைக் கோணாதீர்கள், அதே வரியைத் திரும்பச் சொல்லாதீர்கள். கணக்கப்பிள்ளைக்கு மரியாதை வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வரியில் அதைக் கேட்டு வாங்கப் பாருங்கள்.