கிண்ணத்தில் 15 காசு: மாதிரி அளவைப் புரியவைக்க ஒரு வகுப்பு

புள்ளியியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் எனக்குக் கணினித் திரைமேல் அபார நம்பிக்கை. மாதிரியின் அளவு, அதாவது ஒரு தடவையில் எடுத்துப் பார்க்கும் எண்ணிக்கை, கூடக் கூடச் சராசரிகளின் பரவல் ஒடுங்குவதை அழகாக ஓட்டிக் காட்டுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தேர்வில் அதையே கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். புள்ளியியல் கற்பித்தலை ஆராய்ந்த டெல்மாஸ், கார்ஃபீல்ட், சான்ஸ் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எங்கே கோட்டைவிட்டேன் என்று தெரிந்தது. மென்பொருளை ஓட்டவிட்டது மட்டும் அவர்களுக்கும் போதவில்லை. என்ன வரும் என்று மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லி, அதைத் தாங்களே சோதித்துப் பார்க்க வைத்த பிறகுதான் பலன் கூடியது.

அதை ஒட்டி நான் நடத்தும் வகுப்பு இது. 30 பேருக்கு 15 கிண்ணம், கிண்ணத்துக்கு 15 காசு வேண்டும்.

முதலில் கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். உளவியலாளர்கள் கானமேனும் ட்வெர்ஸ்கியும் 1972இல் கேட்டது: பெரிய மருத்துவமனையில் நாளுக்குச் சுமார் 45 குழந்தைகள் பிறக்கின்றன, சிறியதில் 15. மொத்தத்தில் ஆண், பெண் சரிபாதி. 60 சதவீதத்துக்கும் மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாட்கள் ஒரு வருடத்தில் எங்கே அதிகம்? பெரியதிலா, சிறியதிலா, ஏறக்குறைய சமமா?

விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் ஆளாளுக்குத் தாளில் எழுதட்டும். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். முதல் பெஞ்சில் ஒரு கை எழுந்தால் பின்னாலேயே பத்துக் கை எழும். ‘சமம்’ என்று நிறையப் பேர் எழுதினால் முகம் சுளிக்கவும் வேண்டாம். அந்த ஆய்வில் பதில் சொன்ன 95 பேரில் 53 பேர் அதைத்தான் சொன்னார்கள். மற்ற இரண்டுக்கும் தலா 21 பேர்.

சரி, இனி காசு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கிண்ணத்தைக் குலுக்கி மேசையில் கொட்ட வேண்டும். தலை விழுந்தால் ஆண். ஒரு கொட்டல், சிறிய மருத்துவமனைக்கு ஒரு நாள். அடுத்தடுத்த மூன்று கொட்டலைக் கூட்டினால் பெரியதற்கு ஒரு நாள். ஜோடிக்கு ஆறு கொட்டல் என்றால் வகுப்புக்கு 90 சிறிய நாள், 30 பெரிய நாள் கிடைக்கும்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 15இல் 9 தலை என்பது சரியாக 60 சதவீதம்; அது கணக்கில் வராது. 10 அல்லது அதற்கு மேல் வேண்டும், 45இல் 28. இதைப் பலகை மூலையில் எழுதிவையுங்கள். (காசு உருண்டு மேசைக்கடியில் போகும். 14ஐ எண்ணிவிட்டுச் சத்தியம் செய்கிறவர்களும் இருப்பார்கள்.)

எண்ணிக்கையைப் பலகையில் கூட்டும்போது 90இல் 13, 14 கொட்டல்கள் தேறும். 30இல் இரண்டுதான், சில நாள் ஒன்றுகூட இராது. வருடக் கணக்கில் சிறியதற்குச் சுமார் 55 நாள், பெரியதற்குச் சுமார் 25.

இந்த இடத்தில் வாயைத் திறந்து விளக்கிவிட வேண்டும்போல் இருக்கும். பொறுங்கள். தாளைத் திரும்ப எடுத்து, ஊகத்துக்கும் வந்ததற்கும் ஏன் வித்தியாசம் என்று எழுதச் சொல்லுங்கள். ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதியவரிடம் இன்னொரு ஆறு முறை கொட்டச் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி, “மூன்றைக் கூட்டினால் ஒன்றில் ஏறினது இன்னொன்றில் இறங்கிடுது” என்று எழுதியிருந்தாள். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

அதன் பிறகே சூத்திரம். விகிதத்தின் திட்டப்பிழை (ஒவ்வொரு முறையும் விகிதம் சராசரியாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 15க்குச் சுமார் 13 சதவீதப் புள்ளிகள், 45க்கு ஏழரை. கணினியையும் இப்போது திறக்கலாம், ஆயிரம் நாளை ஓட்டலாம். ஓட்டுவதற்கு முன் படம் எப்படி இருக்கும் என்று வரைந்து வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.