பள்ளிக்குப் போகும் சாப்பாடு: வண்டி ஏறிய பிறகு நடக்கும் தவறுகள்

வேலூர் வெயிலை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கத்திரி முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போதும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தகரத்தில் கை வைக்க முடியாது. அந்த வண்டியில்தான் அண்டா அண்டாவாகச் சாம்பாரும் சாதமும் பள்ளிகளுக்குப் போகின்றன.

சத்துணவு பெரும்பாலும் பள்ளி வளாகத்திலேயே சமைப்பது. அடுப்பிலிருந்து இறக்கினால் பரிமாற வேண்டியதுதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், நகரங்களில் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்துப் பல பள்ளிகளுக்கு வண்டியில் அனுப்பும் முறையும் வந்தது. தனியார் பள்ளிகளுக்குக் கேட்டரிங் ஆட்கள் அனுப்புகிறார்கள். பிறந்தநாள், நினைவுநாள் என்று யாராவது ஒரு தேக்சா பிரியாணி அனுப்பிவைப்பதும் உண்டு. வண்டியில் போகும் இந்த மூன்றிலும் நான் பார்க்கும் குறை ஒன்றுதான்: சமைத்து அனுப்புபவர்கள் எழுதிவைக்கும் உணவுப் பாதுகாப்புத் திட்டம் சமையலறை வாசலோடு நின்றுவிடுகிறது. தலைக்கு வலை, கைக்கு உறை, கழுவிய தரை, எல்லாம் எழுதியிருப்பார்கள். வண்டி கிளம்பியதிலிருந்து பிள்ளையின் தட்டில் விழும் வரை என்ன ஆகிறது என்று ஒரு வரி இருக்காது.

"நல்லா கொதிச்சுது, இனி பயமில்லை"

இதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சாதம் ஆறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். நேரம் ஆக ஆக, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. "பள்ளிக்குப் போனதும் அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டுக்கலாம்" என்ற யோசனை இங்கேதான் காலை வாருகிறது.

பருப்பு, குழம்பு, கறி வகைகளில் வேறொரு ஆள்: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். பெரிய அண்டாவின் நடுப்பகுதி மெதுவாக ஆறுமே, அதுதான் இதற்குத் தோது. 43 முதல் 46 டிகிரி வரை இது மிக வேகமாகப் பெருகும். மூடியைத் திறந்து, "இன்னும் வெதுவெதுன்னு இருக்கே" என்று நாம் திருப்திப்படும் சூடு கிட்டத்தட்ட அதுதான்.

மோந்து பார்ப்பதையும் ருசி பார்ப்பதையும் சோதனையாக நம்புவது இதன் தம்பித் தவறு. சாம்பாரை ஊசிப்போக வைக்கும் கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் வேறு. இரண்டாவது வகை வாடையே காட்டாமல் இருக்கும். ஆசிரியர் ஒருவராவது முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மதிய உணவுத் திட்ட வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நல்ல விதி. வேகாதது, உப்பு கூடியது, மண்ணெண்ணெய் வாடை அடிப்பது எல்லாம் அதில் மாட்டும். கிருமி மாட்டாது. அதற்குத் தெர்மாமீட்டர்தான் வேண்டும். உணவுக்குள் குத்திப் பார்க்கும் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஐஸ் தண்ணீரில் வைத்தால் 0 காட்டுகிறதா என்று அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளலாம். ஓரத்தில் குத்தாமல் பாத்திரத்தின் நடுவில், ஆழத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

கடிகாரத்தைத் திருப்பிப் பிடியுங்கள்

"நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறோம்" என்று ஆரம்பிக்கிற திட்டம் சமையல்காரரின் வசதிக்கு எழுதியது. மணி அடித்துப் பிள்ளைகள் உட்காரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பரிமாற அரை மணி, இறக்க கொஞ்சம், வழியில் இவ்வளவு, பாத்திரம் மாற்ற இவ்வளவு. அப்போதுதான் அடுப்பிலிருந்து எப்போது இறக்க வேண்டும் என்று தெரியும். வழி என்பதைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். கிரீன் சர்க்கிளில் காலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், காட்பாடிப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் வர வேண்டியவர்களுக்கும் காரணம் தெரியும். கடைசிப் பள்ளிக்கு வண்டி போய்ச் சேரும் நேரம்தான் கணக்கு. முதல் பள்ளியில் 70 டிகிரி இருந்தது என்று சந்தோஷப்பட்டுப் பயனில்லை.

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு போன்ற மலை ஊராட்சிகளுக்குக் கீழேயிருந்து சமைத்து அனுப்பலாம் என்று யாராவது திட்டம் போட்டால், வேண்டாம் என்பேன். அங்கே அரிசியும் பருப்பும் மலையேறட்டும். சமையல் மேலேயே நடக்கட்டும்.

ஹாட் பாக்ஸ் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. அது சூடாக்காது. உள்ளே வைத்த சூடு சீக்கிரம் ஓடிவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த பெட்டியில் சாதத்தைக் கொட்டினால் முதல் சூட்டைப் பெட்டியே குடித்துவிடும். கொதிநீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு உணவை நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய பெட்டி சீக்கிரம் ஆறும். அதனால் கடைசிப் பள்ளிக்குத் தனிச் சிறு பெட்டி கொடுத்துவிடுவது மேல். பெரிய பெட்டியை ஒவ்வொரு வாசலிலும் திறந்து மொண்டு கொடுப்பதுதான் இன்று பல இடங்களில் நடக்கிறது.

சின்னதாகத் தெரிபவை

தேங்காய்ச் சட்னியை வண்டியில் ஏற்றாதீர்கள். இந்த ஊர் வெயிலில் அது நிற்காது. சாம்பார் போதும். முட்டையை வேகவைத்து அங்கேயே உரித்து அனுப்புவது வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஓடுதான் அதற்குக் கிடைத்த இலவச உறை. உரிப்பது பள்ளியில் நடக்கட்டும். விரிசல் விட்டதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

காலையில் மிஞ்சியதை மதியச் சாம்பாரில் ஊற்றிக் "கலந்துவிடுவது", இறக்கியது போக மீதியை அடுத்த பள்ளிக்குக் கொண்டுபோவது, இரண்டும் கூடாது. தம்பி தங்கைக்கென்று பிள்ளைகள் டப்பாவில் எடுத்துப்போவதைத் தடுக்க மனசு வராது, புரிகிறது. ஆனால் அந்த டப்பா மாலை நாலரை வரை பையிலேயே கிடக்கும்.

அப்புறம் குட்டியானை வண்டி. காலையில் சாப்பாடு ஏற்றிய அதே வண்டியில் மதியம் உரமூட்டையோ பினாயில் கேனோ ஏறினால், கழுவினோம் என்பதை யார் பார்த்தது?

ஆட்கள் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தத் திட்டத்திலும் காணோம். வயிற்றுப்போக்கோ கையில் சீழ் வைத்த புண்ணோ இருப்பவர் சமைக்கக் கூடாது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு என்றால் அந்த அம்மா ஏன் சொல்வார்? புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சும் சூட்டுக்கு அசராது. உடம்பு சரியில்லாத நாளுக்குக் கூலி உண்டு என்று எழுதுங்கள். தெர்மாமீட்டருக்கு அடுத்தபடி பலன் தரும் செலவு இதுதான்.

உணவின் சூட்டைக் குறிக்கும் பதிவேட்டில் மாதம் முழுக்க 75, 75, 75 என்று ஒரே பேனாவில் இருந்தால், அது சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது. அதிகாரி கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் ஒருநாள் நிஜமாகவே பிரச்சினை வந்தால், எந்த அண்டாவில் தப்பு நடந்தது என்று உங்களுக்கே தெரியாது. இணையத்திலிருந்து யாரோ ஒரு ஹோட்டலுக்கு எழுதிய நாற்பது பக்கத் திட்டத்தை இறக்கிப் பேர் மாற்றுவதும் இதே ரகம்.

"நிறுத்து" என்று சொல்ல ஆள்

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்த பெண் சொல்லியும் சமையல் தொடர்ந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. பூச்சிமருந்தும் எண்ணெயும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுப்பருகே நிற்பவருக்குச் சமையலை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்று உங்கள் திட்டத்தில் தேடிப் பாருங்கள்.

அனுப்பும் சாப்பாட்டில் இது இன்னும் அவசரம். ஒரு அண்டா பத்துப் பள்ளிகளுக்குப் போகிறது. ஒரு பள்ளியில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தால், மீதி ஒன்பதிலும் அந்த நிமிடமே பரிமாறுவதை நிறுத்த வேண்டும். யார் யாருக்குப் போன் செய்வது என்ற பட்டியல் மேனேஜர் மேஜையில் இருந்து பயனில்லை. டிரைவரிடமும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் 108. வீணாகிவிட்டதே என்று பாத்திரத்தை அவசரமாகக் கழுவிவிடக் கூடாது, அதில்தான் ஆதாரம் இருக்கிறது. தினமும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு சிறு சுத்தமான டப்பா எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் பாதிப்பு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டலாம். அதனால் வெள்ளிக்கிழமை டப்பாவைத் திங்கட்கிழமை காலையில் வந்ததும் கொட்டிவிடாதீர்கள். அன்று எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டுவிட்டுக் கொட்டுங்கள்.