மலைநாட்டுக்கு வேனில் போகிறீர்களா, முதலில் டயரைப் பாருங்கள்

வேனுக்குள்ளேயே படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் போட்டுக்கொண்டு நுவரெலியா, ஹப்புத்தளை, மஸ்கெலியா என்று ஒரு கிழமை சுற்றிவர இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காற்று போனால் பத்து நிமிடத்தில் ஒரு டயர் கடை வந்துவிடும் என்ற பழக்கத்தோடு மலை ஏறாதீர்கள். இங்கே உதவிக்கு ஆள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. கொழுந்து லொறி வரும், தோட்டத்துப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், பஸ் டிரைவர்கூட நிறுத்தி என்ன ஏது என்று கேட்பார். உங்கள் வேனுக்குச் சரியான அளவு டயர் கிடைப்பதுதான் கஷ்டம். டயகம, பொகவந்தலாவ போன்ற சின்ன டவுன்களில் ஓட்டோ, மோட்டார் சைக்கிள் டயர்கள் இருக்கும். வேன் டயருக்கு ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை மாதிரியான இடத்துக்குத்தான் போயாக வேண்டும். அதனால் டயர் விஷயத்தில் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

முதல் வேலை ஸ்பேர் வீல். ஹையேஸ் மாதிரி வேன்களில் அது பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்கும், ஒரு கம்பியை விட்டுச் சுற்றினால் கீழே இறங்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் இறக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள், சேறும் துருவும் ஏறி அந்தச் சங்கிலி இறுகிப்போயிருக்கும். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னால் அதை இறக்குங்கள். காற்று இருக்கிறதா, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், சுற்றும் இடத்துக்குக் கிரீஸ் போடுங்கள். அப்படியே ஒரு சில்லை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள், நட்டுகள் அசைகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். டயர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிய நட்டு, வேனோடு வந்த சின்ன ஸ்பேனருக்கு அசையாமல் போவது சாதாரணமாக நடப்பது. அதன் கைப்பிடியில் மாட்ட இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வையுங்கள். அலோய் ரிம்மில் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி வேனுக்குள் எங்கே இருக்கிறது என்பதும் வேனில் வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ (தரையில் படும் பள்ளமேடு) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரை நம்பி மலை ஏற நான் சொல்ல மாட்டேன். 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்ததால் நம் வீதிகளில் பழைய வேன்கள் அதிகம், அவற்றோடு பழைய டயர்களும் அதிகம். பழைய டயரில் புதுப் பூ ஒட்டிய ரீபில்ட் டயரைக் குறிப்பாக முன்பக்கம் போடாதீர்கள், வளைவில் பூத்தட்டு கழன்றால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. பூவின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பூ அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம், மலை மழைக்கு அதற்கு வெகு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும்.

எடையும் இருக்கிறது. தண்ணீர் ஒரு லீட்டர் ஒரு கிலோ, 60 லீட்டர் தொட்டி என்றால் ஓர் ஆள். அதோடு பேட்டரி, பலகைக் கட்டில், அரிசி மூட்டை, ஐந்து பேர். வேனுக்கென்று வரும் டயரில் அளவுக்குப் பின்னால் சி என்ற எழுத்து இருக்கும், உதாரணமாக 195 ஆர் 15 சி. அது பாரம் தாங்கும் வகை. விலை குறைவு என்று அதே அளவில் கார் டயர் போட்டால் இறக்கத்தில் வளைவு வளைவாக வரும்போது அதன் பக்கச் சுவர் தாங்காது.

காற்று விஷயத்தில் குழப்பம் நிறைய. ஜப்பானிலிருந்து வந்த வேன்களில் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் கணக்கு இருக்கும். 240 என்றிருந்தால் ஏறக்குறைய 35 பிஎஸ்ஐ. பாரம் ஏற்றினால் பின்பக்கத்துக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் காற்று அளக்கும் மீட்டர் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். அதே நேரம் கொழும்பின் 30 பாகையிலிருந்து நுவரெலியா காலையின் 12 பாகைக்குப் போகும்போது குளிரில் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தும் விடும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே மேலே போய்ச் சேர்ந்ததும், ஓடிச் சூடான டயரில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை ஓடுவதற்கு முன் அளந்தால் அதுதான் கணக்கு. கையடக்க மீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு நாள் காலையும் தேநீர் கொதிக்கும் நேரத்தில் நான்கு சில்லையும் பாருங்கள். ஒன்று மட்டும் தினம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கினால் அதில் ஆணி இருக்கக்கூடும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: 12 வோல்ட் கம்பிரசர் (பேட்டரியில் நேராகக் கவ்வும் வகை நல்லது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை வேன் டயருக்குக் காற்றடிக்கும்போது ஃபியூஸை எரித்துவிடக்கூடும்), டியூப்லெஸ் பிளக் செட் (ஆணித் துளையை அடைக்கும் அரம், ஊசி, நூல்), வால்வ் ஊசியும் மூடியும், குறடு, சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தல், ஜாக்கிக்குக் கீழே வைக்க ஓரடிச் சதுரப் பலகை, சில்லுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, எச்சரிக்கை முக்கோணம், தலையில் கட்டும் டோர்ச், மழைக் கோட்டு, பழைய ரெக்சின் துணி. பலகையை விட்டுவிடாதீர்கள், மழையில் ஊறிய வீதியோரத்தில் ஜாக்கி சேற்றுக்குள் இறங்கும்.

மலையில் டயரை அதிகம் கெடுப்பது ஆணி இல்லை, வீதியோரம்தான். தோட்டத்து வீதிகள் ஒரு லொறிக்கே மட்டான அகலம், எதிரே இன்னொரு வாகனம் வந்தால் ஒதுங்குகிற அவசரத்தில் கானின் கொங்கிரீட் விளிம்பில் பக்கச் சுவர் உரசிக் கிழியும். பக்கச் சுவர் கிழிந்தால் பிளக் போட முடியாது, டயர் குப்பைக்குத்தான். ஆகவே ஒதுங்க இடம் இருக்கும் இடத்தில் முன்கூட்டியே நின்று வழிவிடுங்கள், இடம் தெரியாவிட்டால் ஒருவரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லிப்டன் சீற் போகிற தம்பேத்தன்னை வீதி, ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே இறங்கும் வீதி இரண்டுக்கும் இது மிகவும் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் பல வீதிகளைச் சரித்துவிட்டுப் போனது. மண்சரிவு நடந்த இடங்களில் கொட்டும் உடைகல் கத்தி மாதிரி இருக்கும், மெதுவாகப் போங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ரிம்முக்குப் போய் டயருக்கும் ஏறும். ரம்பொடையிலிருந்து இறங்கும்போதும், ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு வரும்போதும், மஹியங்கனை வீதியின் 18 வளைவிலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ரப்பர் வாடை அடித்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சரி, காற்று போய்விட்டது. வளைவில் நிற்காதீர்கள். டயர் பாழாகட்டும், ஊர்ந்து ஊர்ந்து நேரான, மட்டமான இடம் வரை போங்கள். தோட்டத்துக்குள் என்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால், கோயிலடியில், லொறி திருப்பும் இடத்தில் மட்டம் கிடைக்கும், ஆளும் இருப்பார்கள். சிக்னல் விளக்குகளைப் போட்டு, முக்கோணத்தை வளைவுக்கு அப்பால் வையுங்கள், மறுபக்கமும் மரக்கிளை ஒடித்துப் போடுவது இங்கே வழக்கம். போகும்போது அந்தக் கிளையை எடுத்துப்போட மறக்காதீர்கள், இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் விழுவார். பிள்ளைகளை வேனிலிருந்து இறக்கிப் பள்ளத்துப் பக்கம் இல்லாமல், புதிதாக மண் சரிந்த கரைக்குக் கீழேயும் இல்லாமல் நிறுத்துங்கள். மேலே மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், தேயிலை மலையில் இது விளையாட்டில்லை.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். சரிவில் நிற்கும் வேனைக் கியரில் போட்டுவிட்டால் நகராது என்று பலர் நினைக்கிறார்கள். பின் சில்லால் ஓடும் வேனில் ஒரு பின் சில்லைத் தூக்கியதும் அந்த நம்பிக்கை போய்விடும்: தூக்கிய சில்லு காற்றில் எதிர்ப்பக்கம் சுற்ற, இரண்டு பின் சில்லையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் தரையில் இருக்கிற சில்லை உருளவிடும், கியர் எதையும் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கும் பின் சில்லுகளில்தான், அதில் ஒன்று இப்போது தரையில் இல்லை. அதனால் முன் சில்லுகளுக்கு, இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், இரண்டு கட்டையையும் அடித்து இறுக்கிவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்குவதற்கு முன்னால் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். கொஞ்சம் தூக்கியதும் ஸ்பேர் வீலை வேனுக்கு அடியில் படுக்கப்போடுங்கள், ஜாக்கி சரிந்தால் வேன் அதன்மேல் உட்காரும். கழற்றிய சில்லை அதற்குப் பதிலாகத் தள்ளிவிட்டு ஸ்பேரை எடுத்து மாட்டலாம். நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், முழு இறுக்கம் சில்லு தரையைத் தொட்ட பிறகு. 50 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

பூவில் ஆணி மட்டும்தான், சில்லைக் கழற்ற மனமில்லை என்றால் பிளக் போடலாம். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி நுரை வரும் இடத்தைப் பிடியுங்கள், ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் அரத்தை விட்டுத் துளையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய நூலைத் தள்ளி, ஊசியைச் சட்டென்று இழுங்கள். காற்றடித்து மறுபடியும் சவர்க்காரத் தண்ணீர். இது டவுன் வரை போகத்தான், அங்கே கழற்றி உள்பக்கம் ஒட்டுப்போடச் சொல்லுங்கள்.

நாளையும் பார்த்துக் கிளம்புங்கள். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பொங்கல் சமயம் மலையக டவுன்களில் டயர் கடை வேலையாட்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், பல கடைகள் சில நாள் பூட்டிக் கிடக்கும். போயா, ஞாயிறு இரண்டும் சந்தேகம். மீமுரே, ஹோர்டன் சமவெளிப் பக்கம் போன் சிக்னலை நம்ப முடியாது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்று காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

அப்புறம், ஸ்பேர் மாட்டிவிட்டோம் என்று அடுத்த மலைக்கு ஏறிவிடாதீர்கள். அன்றைக்கே பக்கத்து டவுனுக்குத் திரும்பி, கெட்ட டயரைச் சரிபார்த்து, அது தேறாவிட்டால் புதியதைப் போட்டுவிட்டு, ஸ்பேர் மறுபடியும் சங்கிலியில் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு பயணத்தைத் தொடருங்கள்.