காவிரி டெல்டா வீடுகளை அளக்கப் போகும் மாணவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுகலை) மாணவி தன் தீசிஸ் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். கும்பகோணம் பக்கத்தில் நான்கு முற்றத்து வீடுகள், வீட்டுக்கு இரண்டு டேட்டா லாகர் (சூட்டையும் ஈரப்பதத்தையும் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி), மே மாதத்தில் பத்து நாள். மரபு வீடுகளில் வெப்பமும் வசதியும் என்பது ஆய்வு. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய திட்டம் அப்படியே திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பேட்டரி தீர்ந்துபோவது, நாடா தொய்வது, போட்டோவுக்குப் பெயர் போடாமல் விடுவது எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவர் நேராக இருக்கும் என்று நம்புவது

மூலைவிட்டம் இரண்டையும் அளக்காத அறையை வரையாதீர்கள்.

கத்திரியில் அளந்துவிட்டு 'டெல்டா' என்று முடிவு எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். கல்லூரிக்கு லீவு மே மாதத்தில் வருகிறது, அதனால் எல்லோரும் மே மாதத்தில் கிளம்புகிறோம். நானும் வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றில் அக்கினி நட்சத்திரத்தில்தான் லாகர் மாட்டினேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது கூடத்தில் நுழைந்தால் உடம்பு அடங்கியது. கிராஃபும் அதையே காட்டியது. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, முற்றம் என்று மூன்றையும் மெச்சி முடிவுரை எழுதிவிட்டேன்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நவம்பரில் இந்த வீடு எப்படி இருக்கும்?" என்னிடம் பதில் இல்லை.

ஐப்பசியில் அந்த ஊருக்கு மறுபடி போனேன். அடைமழை. அந்த வீட்டுப் பெரியம்மா கூடத்தின் குறுக்கே கயிறு கட்டித் துணி போட்டிருந்தார். "மூணு நாளாச்சு தம்பி, இன்னும் காயல. நீ வெயில்ல வந்து, வீடு நல்லாருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டே" என்றார். புடவையைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பிழிந்து போட்டதுபோல் சொதசொத என்று இருந்தது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது.

காரணம் எளிதுதான். மே மாதத்தில் பகல் சூட்டுக்கும் இரவுச் சூட்டுக்கும் இடைவெளி அதிகம். கனமான சுவர் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் பகலில் கூடம் குளிர்ச்சியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடியே கிடக்கும், அந்த இடைவெளி சுருங்கிவிடும். சுவரின் கனத்துக்கு அங்கே வேலை குறைவு. அப்போது ஆளைப் படுத்துவது ஈரப்பதம். சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கும், நிலத்தடி நீரும் மேலே வந்திருக்கும், வியர்வை காயாது. காற்று ஓடினால்தான் கொஞ்சம் நிம்மதி. வாசலிலிருந்து கொல்லைவரை கதவுகள் நேர்கோட்டில் இருப்பது அதற்குத்தான் உதவும். சாரல் அடிக்கிறதென்று அவற்றைச் சாத்திவிட்டால் அதுவும் போச்சு.

அந்த உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு சுவரின் கீழ்ப்பகுதிக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. மே மாதத்தில் அது வெறும் வெள்ளைக் கறையாகத்தான் தெரிந்தது. என் நோட்டில் 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதிவைத்திருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற வீடு அது. அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றும் மனசு சுருங்குகிறது.

மே மாத அளவிலேயே இன்னொரு ஓட்டையும் இருந்தது. பகலை மட்டும் எடுத்துப் பேசினேன். பகலில் வாங்கிய சூட்டை அதே சுவர் ராத்திரியில் உள்ளே விடும். நடுராத்திரியில் வெளியைவிடக் கூடம் வெக்கை. அதனால்தான் வீட்டில் எல்லோரும் திண்ணையிலும் முற்றத்திலும் பாய் போட்டார்கள். கண்ணெதிரே நடந்தும், 'எங்கே படுப்பீர்கள், எப்போது இடம் மாறுவீர்கள்' என்று நான் கேட்கவில்லை.

வருஷம் முழுக்க அளக்க ஏற்பாடு செய்துகொண்டு அடுத்த கோடையில் போனேன். நான்கு வீட்டில் ஒன்றை இடித்துவிட்டார்கள். இன்னொன்றில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். திறந்த முற்றத்தோடு அந்த இரண்டு வீடும் ஒரு மழைக்காலத்தை எப்படிக் கழித்தன என்பதை இனி யாராலும் அளக்க முடியாது.

ஆகவே கல்லூரிக் காலண்டரை விட்டுவிட்டு மேட்டூரைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். வழக்கமாக ஜூன் 12 அணை திறப்பு, ஜனவரி 28 மூடல். திறப்பதற்கு முன் காய்ந்த டெல்டா, ஐப்பசி–கார்த்திகையில் நனைந்த டெல்டா, மார்கழி–தையில் பனி இறங்கும் டெல்டா: இந்த மூன்றும் இல்லாமல் பொது முடிவு எழுதாதீர்கள். முடியவில்லை என்றால் தலைப்பிலேயே 'கோடையில்' என்று போட்டுவிடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

லாகரை ஆணியில் மாட்டுவது

சுவரை ஒட்டி மாட்டினால் காற்றோடு சுவரின் சூடும் சேர்ந்து பதிவாகும். கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள். அப்புறம் உயரம். அறையின் வெப்ப வசதியை மதிப்பிடும் அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 55-ல், உட்கார்ந்திருப்பவருக்காக அளக்கச் சொல்லும் 0.1, 0.6, 1.1 மீட்டர் என்ற உயரங்கள் நாற்காலியை மனதில் வைத்தவை. டெல்டா வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தரையில் படுக்கிறார்கள். பாயில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு லாகராவது இருக்கட்டும்.

சென்னை வானிலைக் கோப்பைப் போட்டு சிமுலேஷன் ஓட்டுவது

வீட்டின் சூட்டைக் கணினியில் கணக்கிட ஓர் ஊரின் வானிலைத் தரவு வேண்டும். சென்னை கடலோரத்தில் இருக்கிறது, தஞ்சாவூர் அப்படி இல்லை. டெல்டாவுக்குள்ளேயே கடற்காற்று படும் நாகப்பட்டினமும் உள்ளே இருக்கும் தஞ்சாவூரும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் 'சோழர் காலம்' ஆக்குவது

கோயில் சோழர் காலத்தது என்பதால் அதன் தெருவில் இருக்கும் வீடும் அப்படி ஆகிவிடாது. கையால் செய்த நாட்டு ஓடா, தொழிற்சாலையில் செய்த சீமை ஓடா (மங்களூர் ஓடு) என்று முதலில் கூரையைப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-ல்தான். சீமை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. சுவர் பழையதாக இருந்து கூரை மட்டும் மாறியிருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியாகக் காலம் கணியுங்கள்.

வரைபடத்தை வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் வருவது

ஒரு பிரதி கொடுங்கள். அறைப் பெயர்கள் தமிழில்.

லாகரில் சீட்டு ஒட்டாமல் வருவது

தீபாவளிக்கு ஒட்டடை அடிப்பார்கள். ஒருமுறை அப்படி அடித்தபோது லாகரைக் கழற்றிப் பத்திரமாக அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்கள். எனக்கு 23 நாள் அரிசியின் ஈரப்பதம்தான் கிடைத்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை, விலை உயர்ந்த சாமான் என்று நினைத்துத்தான் காப்பாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு லாகரிலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுகிறேன்: 'இது வீட்டின் சூட்டையும் ஈரத்தையும் எழுதி வைக்கிறது. தைப்பொங்கல் வரை இங்கேயே இருக்கட்டும்.'