எஸ்கியூஎல் துண்டுகளைக் கோர்க்கும்போது வழுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்பின் விளைச்சல் கணக்கைப் பார்க்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு, பைத்தன் மொழியில் எழுதிய சின்ன நூலகம், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில் திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டுகள் கொஞ்சம் இருந்தால் போதும். துண்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பலர் அட்டவணையின் நிரைகளை (row) வடிகட்டும் 'வெயார்' நிபந்தனையை மட்டும் எழுத்துச் சரமாக வைத்து, 'அன்ட்' போட்டு ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒன்றுக்குள் 'அல்லது' நிபந்தனை இருந்து அடைப்புக்குறி விடுபட்டால் விடையே மாறிவிடும். நிரைகளைக் குழுவாக்கும் 'குரூப் பை'க்குப் பின்னால் 'வெயார்' விழுந்தால் ஓடவே ஓடாது. அது நல்ல காலம், பிழை உடனே தெரியும். ஒவ்வொரு துண்டும் தனியாக ஓடக்கூடிய முழு 'செலக்ட்' கேள்வியாக இருக்கட்டும்: அட்டவணையை வாங்கி அட்டவணையைத் தரட்டும். 'வித்' போட்டுப் பெயர் வைத்து அடுக்கலாம். அது மெதுவானது என்ற பேச்சு பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 2019இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முந்திய கதை.

ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்று துண்டில் எழுதாமல் விடுவது இதைவிட மோசம். வயலுக்கு அறுவடை நிரை ஒன்று. மூன்று தரம் பசளை போட்டிருந்தால் பசளை நிரை மூன்று. இரண்டு அட்டவணையையும் 'ஜொயின்' செய்து (சேர்த்து) மூடைகளைக் கூட்டினால் 40 மூடை 120 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அறிக்கையைப் பார்க்கிற கமக்காரர்தான் சிரிப்பார். ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்ட்' போட்டு மறைத்தால், 40 மூடை எடுத்த இரண்டு வயல்கள் ஒன்றாகிவிடும். பசளையை முதலில் வயலுக்கு ஒரு நிரையாகச் சுருக்குங்கள். சேர்க்கும் சாவியில், அதாவது இரண்டு அட்டவணையையும் பொருத்தும் நிரலில் (column), இரட்டிப்பு உண்டா என்று நூலகமே எண்ணிப் பார்க்கட்டும்.

மதிப்புகளைச் சரத்துக்குள் திணிக்காமல் அந்த இடத்தில் கேள்விக்குறி வைத்துத் தனியாகக் கொடுங்கள். நிரல் பெயர்களுக்கு அந்த வழி இல்லை. அனுமதித்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

ஆண்டுவாரியாகக் கூட்டும் துண்டு வன்னிக்கு ஒத்துவராது. மாரிமழையை நம்பிய காலபோகத்துக்கு ஐப்பசியில் போட்ட பசளை ஒரு வருடத்திலும், மாசியில் அறுத்த நெல் அடுத்த வருடத்திலும் விழும். 2023/24 காலபோகம் என்று போகத்துக்கே தனி நிரல் வையுங்கள்.

கோடையில் செய்யும் சிறுபோகத்தில் இன்னொரு பொறி. இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். விதைக்காத வயல் நிறைய இருக்கும். விதைக்காதது 'நல்' (NULL, மதிப்பே இல்லாத வெற்றிடம்), விதைத்து அழிந்தது 0. எல்லா வெற்றிடத்தையும் 0 ஆக்கும் 'கோஅலெஸ்' பொதுத் துண்டுக்குள் ஒளிந்திருந்தால், விதைக்காத வயலும் சராசரியைக் கீழே இழுக்கும்.