பழைய டீசல் பிக்அப்பில் எஞ்சினுக்கு டீசல் சரியாக ஏறவில்லையா? பம்பைக் கழற்றும் முன் காற்றைத் தேடுங்கள்

காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடித்தாலும் கொஞ்ச நேரம் தடுமாறுகிறது. சாமான் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் இழுவையே இல்லை. இதைச் சொன்னதும் பல போமன்கள் "பம்ப் போச்சு" என்பார்கள், எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கும் பம்பைத்தான் சொல்கிறார்கள். பம்ப் ஓவர்ஹால் என்றால் பெரிய செலவு. என் மிட்சுபிஷி ஸ்டோர்ம் பிக்அப்புக்கும் அதே தீர்ப்புதான் சொன்னார்கள். கடைசியில் கோளாறு ஒரு சாண் ரப்பர் ஹோஸில் இருந்தது.

இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும்: மிட்சுபிஷி ஸ்டோர்மின் 4டி56, பழைய ஹைலக்ஸின் 2எல், 3எல் எஞ்சின்கள். ஹைலக்ஸ் வீகோ மாதிரி காமன் ரயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும்) வண்டி வைத்திருப்பவர்கள், காற்றை வெளியேற்ற இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தும் வேலைக்குப் போகவே வேண்டாம். அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், டீசல் பீய்ச்சியடித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். இந்த எஞ்சின்களில் டேங்க் பக்கம் தள்ளிவிடும் மோட்டார் கிடையாது. பம்புக்குள்ளேயே இருக்கும், தகடுகள் சுழலும் சிறிய உறிஞ்சு பம்ப்தான் (வேன் பம்ப்) டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. ஆகவே டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் எங்கே வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சொட்ட வேண்டியதில்லை, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் தே ஐஸ் உறிஞ்சுவது போலத்தான். தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வண்டி நிற்கும்போது அந்தக் காற்று மேலே ஏறி, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலைத் தொந்தரவு அதனால்தான்.

படி 1: காசு செலவில்லாத சோதனைகள்

கிளம்பும் முன் எஞ்சினைச் சூடாக்கும் கிளோ பிளக் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு டீசலைத் தேடுவது வீண்.

பிறகு டேங்கில் பாதிக்கு மேல் எண்ணெய் வைத்து, மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் ராத்திரி நிறுத்துங்கள். கியரில் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். காலையில் ஒரே சுற்றில் பிடித்தால் காற்று நுழைகிறது என்று அனேகமாகச் சொல்லிவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று பலமாக இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

ஸ்டார்ட்டர் அடிக்கும்போது புகைக்குழாயை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் எஞ்சினுக்குள் போகிறது. புகையே இல்லையென்றால் போகவில்லை. அப்போது பம்பின் மேல் உள்ள கட்-ஆஃப் சொலினாய்டைப் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) பாருங்கள். சாவி ஆனில் இருக்க, அதன் ஒயரைக் கழற்றித் தொட்டால் "டிக்" சத்தம் வர வேண்டும்.

படி 2: டீசல் ஃபில்டர்

ஃபில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் பிடித்து, கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நம் மலேசிய டீசலில் பாம் ஆயில் பயோடீசல் கலப்பு இருக்கிறது, 2019 முதல் பி10, அதாவது பத்து விழுக்காடு. அது ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றுவது நல்லது.

மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் டீசல் தடவி, கையாலேயே இறுக்குங்கள். வடித்ததை லோங்காங்கில் ஊற்றாதீர்கள்.

படி 3: கண்ணாடி ஹோஸ்

என்னை அதிகம் அலைய வைத்தது இந்த இடம்தான். ஃபில்டர் தலையில் கைப்பம்ப் இருக்கும். அழுத்த அழுத்த அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகிவிட்டு, வண்டி ஓடியதும் மறுபடி தொளதொளத்தால் காற்று வருகிறது.

எங்கிருந்து என்று கண்டுபிடிக்க, ஹார்ட்வேர் கடையில் 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் ஹோஸ் வாங்குங்கள், சில வெள்ளிதான். முதலில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டி எஞ்சினை ஓட விடுங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் அதை எடுத்து, டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே மாட்டுங்கள். அங்கேயும் குமிழி என்றால் கோளாறு டேங்க் பக்கம். அங்கே சுத்தமாக இருந்தால் ஃபில்டர் தலை, கைப்பம்பின் ரப்பர், வளையம் இவற்றில் ஒன்று. கைப்பம்பே காற்றை இழுப்பது இந்த வண்டிகளில் சகஜம்.

எனக்கு டேங்க் பக்கமே குமிழி. டேங்குக்கு மேலே இரும்புக் குழாயும் ரப்பரும் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. விரலால் மடக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஹோஸையும் மடக்கிப் பாருங்கள்.

புது ஹோஸ் டீசலுக்கென்று விற்பதாக இருக்கட்டும், தண்ணீர் ஹோஸ் வேண்டாம். பல் வெட்டிய கிளிப் ரப்பரைக் கடித்துக் கிழிக்கும். வழவழப்பான பட்டை கிளிப் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் நான் அதைத்தான் போடுவேன். சோதனை முடிந்ததும் ஒளி ஊடுருவும் ஹோஸைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் விறைத்துப்போகும்.

படி 4: தோம்பு சோதனை

பம்பைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 5 லிட்டர் தோம்பில் சுத்தமான டீசல் நிரப்பி, எஞ்சினை விட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே தோம்பில் விடுங்கள். ஃபேன் பெல்ட்டில் ஹோஸ் உரசக் கூடாது. வண்டி ஒழுங்காக ஓடினால் பம்ப் நல்ல பம்ப். அப்போதும் தடுமாறினால்தான் பம்ப், இன்ஜெக்டர் பற்றிப் பேச வேண்டும்.

பம்பில் உள்ளே போகும் போல்ட்டும் வெளியே வரும் போல்ட்டும் ஒன்று போலவே இருக்கும். வெளியே வருவதில் "அவுட்" என்று பொறித்திருக்கும், அதன் துளை மிகச் சிறியது. மாற்றிப் போட்டால் எஞ்சின் சரியாக ஓடாது. காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

பின்சேர்க்கை

பிறையிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருந்தார்: எல்லாம் மாற்றியும் காலையில் கிளம்பவில்லை. இன்ஜெக்டர்களை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ் வெடித்திருந்தது. அதன் வழியாகவும் காற்று போகும். துணியால் துடைத்து, எஞ்சின் ஓடும்போது அங்கே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பந்தலுக்குப் பானப் பெட்டிகள் ஏற்றிப் போகும் தம்பி ஒருவருக்கு வேறு சிக்கல். சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, பாலேக் பூலாவ் போகும் துன் சார்டோன் சாலை மேட்டில் மட்டும் துவண்டது. குமிழியும் இல்லை. இது காற்று அல்ல, அடைப்பு. டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலையில் சகதி படிந்திருந்தது. மேட்டில் எஞ்சின் கேட்கும் அளவுக்கு டீசல் வரவில்லை. குழாய் வழியே காற்றடித்தால் தற்காலிகமாகத் திறக்கும், சில நாளில் அதே சகதி மறுபடி வந்து அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, சில வாரம் ஓட்டிய பின் அந்த ஃபில்டரையும் மாற்றச் சொன்னேன்.