யாரையும் சுடாத கேம ஆடுறது எப்படி: டெல்டாக்காரங்களுக்கு ஒரு கைடு

நம்ம பக்கம் கேம்னா ஃப்ரீ ஃபயரு, பிஜிஎம்ஐன்னு சுடுற கேமுங்க தான், டீக்கடை பெஞ்சுல நாலு பசங்க தலைய குனிஞ்சுக்கிட்டு "டேய் பின்னாடி வர்றான் பாருடா"ன்னு கத்துனா என்ன ஆடுறானுங்கன்னு யாரும் கேக்கவே வேணாம். அவங்ககிட்ட போயி, ஒரு கேம் இருக்கு, அதுல காலைல எந்திரிச்சு செடிக்கு தண்ணி ஊத்திட்டு, தெருவுல நாலு பேருகிட்ட பேசிட்டு, வந்து படுத்துக்கணும்னு சொன்னா "அத தான் தெனம் செய்யிறோமே, அதுக்கு எதுக்குய்யா கேமு"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி தான். ஆனா ஸ்டார்டியூ வேலி, அனிமல் கிராஸிங், தி சிம்ஸ் மாதிரி சோஷியல் சிமுலேஷன் கேமுங்கள, அதாவது ஊரு உறவுன்னு வாழ்ந்து பாக்குற கேமுங்கள, உலகம் பூரா கோடிக்கணக்குல வாங்கி ஆடிக்கிட்டு இருக்காங்க, அதுல விவசாயமே பாத்திராதவங்களும் உண்டு, விவசாயத்த விட்டு ஓடி வந்தவங்களும் உண்டு. எப்படி ஆடுனா அந்த ருசி புடிபடும், எப்படி ஆடுனா ரெண்டே நாள்ல சலிச்சுப் போவும்ங்கிறத எழுதுறேன். என் கட்சி ஒண்ணே ஒண்ணு தான்: ஆளுங்கள மொதல்ல பாருங்க, வெள்ளாமைய அப்புறம் பாத்துக்கலாம்.

இத சும்மா சொல்லல, இந்த கேமுங்கள உண்டாக்குனவங்க கதைய பாத்தாலே தெரியும். 1996ல ஹார்வெஸ்ட் மூன்னு பண்ணை கேம் பண்ணுன யசுஹிரோ வாடா நாட்டுப்புறத்துல வளந்து டோக்கியோ போனவரு, விட்டுட்டு வந்த ஊரு நெனப்புல தான் அத பண்ணாரு. அனிமல் கிராஸிங் வரிசையோட மொத கேம் 2001ல ஜப்பான்ல வந்துச்சு, அத யோசிச்ச கட்சுயா எகுச்சி சீபாவுல இருந்து நின்டெண்டோங்கிற கேம் கம்பெனி வேலைக்காக கியோட்டோ போயி வீட்டாளுங்க சினேகிதங்கன்னு பக்கத்துல யாருமில்லாம இருந்தவரு. மன்னார்குடில இருந்து மெட்ராஸ், திருப்பூரு, சிங்கப்பூருன்னு போயி ரூம்ல தனியா கெடக்குறவங்களுக்கு இத வெளக்கவே வேணாம். தி சிம்ஸ் கத வேற, அத உண்டாக்குன வில் ரைட்டோட வீடு 1991ல அமெரிக்காவுல ஓக்லாந்து தீயில எரிஞ்சு போச்சு, திரும்ப ஒவ்வொரு சாமானா வாங்கி குடித்தனம் போடுறப்ப தான் அந்த யோசனை வலுத்துச்சு. மொதல்ல அவரு வீடு கட்டுற கேமா தான் நெனச்சாரு, கட்டுன வீடு நல்லாருக்கா இல்லியான்னு தெரிய தான் உள்ள ஆளுங்கள விட்டாரு, கடைசில வீட்ட விட ஆளுங்க தான் சுவாரசியமா போயிட்டாங்க, 2000ல அது அப்படியே தான் வெளிய வந்துச்சு.

சரி எதுல ஆரம்பிக்கிறது. போன் மட்டும் தான் இருக்குன்னா ஸ்டார்டியூ வேலி, யோசிக்கவே வேணாம். எரிக் பரோன்னு ஒரே ஆளு நாலு வருசத்துக்கு மேல தனியா உக்காந்து கோடு, படம், பாட்டு எல்லாத்தையும் அவரே பண்ணி 2016 பிப்ரவரில விட்டது. ஒரு தடவ காசு குடுத்து வாங்கிட்டா முடிஞ்சுது, நடுவுல விளம்பரம் கெடையாது, நெட்டும் தேவையில்ல, அதனால சிக்னல் இல்லாத உள்கிராமத்துலயும் வயக்காட்டு போர்செட்டு ஓரமாவும் ஆடலாம். ஃப்ரீயா கெடைக்கிற பண்ணை கேமுங்கள்ல தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க, அங்க எல்லாம் பயிரு வெளைய ஆறு மணி நேரம் காத்திருன்னு சொல்லும், இல்லாட்டி காசு கட்டுன்னு சொல்லும், காக்க வைக்கிறது தான் அவங்க வியாபாரமே. சின்னப் புள்ளைங்க கையில போன் போகும்னா ப்ளே ஸ்டோர்ல பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி செட்டிங் மாத்திட்டு குடுங்க.

கேம் தொறந்ததும் கத என்னன்னா, ஆபீஸ் வேலையில வெறுத்துப் போன உங்களுக்கு தாத்தா ஒரு பண்ணைய எழுதி வச்சிட்டு போயிருக்காரு. பங்காளி தகராறு கெடையாது, பட்டா மாத்த தாலுக்கா ஆபீஸுக்கு அலைச்சல் கெடையாது, நேரா போயி குடியேறிக்கலாம், அதுக்கே நம்மாளுங்க பாதி பேரு காசு குடுப்பாங்க. மொத நாளு பார்ஸ்னிப்னு கேரட் மாதிரி ஒரு கெழங்கோட வெதை 15ம் கொஞ்சம் சில்லறையும் குடுப்பாங்க. நெலம் பூரா மரமும் கல்லும் புதருமா கெடக்கும், அத பாத்ததும் நம்ம கை சும்மா இருக்காது, எல்லாத்தையும் வெட்டி சுத்தம் பண்ணிடணும்னு தோணும். வேணாம். ஸ்க்ரீன்ல எனர்ஜின்னு ஒரு கோடு இருக்கு, அது எறங்கிட்டா மதியத்துலயே ஆளு தள்ளாடும். அந்த 15 வெதைக்கு மட்டும் எடம் கொத்தி, நட்டு, தண்ணி ஊத்திட்டு ஊருக்குள்ள கெளம்புங்க. நாலு நாள்ல பார்ஸ்னிப் வந்துடும். கேமே அதுக்கு ஒரு வேலை குடுக்கும், ஊர்ல 28 பேர பாத்து அறிமுகம் ஆகிக்கன்னு. பல பேரு அத அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுறாங்க, அங்கயே கேம் பாதி செத்துடும்.

ஒரு நாளுங்கிறது காலைல 6 மணில இருந்து ராத்திரி 2 மணி வரைக்கும், நம்ம நேரத்துல கிட்டத்தட்ட 14 நிமிசம். 2 மணி தாண்டுனா எங்க நிக்கிறீங்களோ அங்கயே மயங்கி விழுந்துருவீங்க. மாசத்துக்கு 28 நாளு, ஒரு மாசம் ஒரு பருவம். பருவம் மாறுன அன்னைக்கு காலைல பழைய பருவத்துப் பயிரெல்லாம் காஞ்சு நிக்கும், அதனால 26ஆம் தேதி போயி நாலு நாள் பயிரு நடாதீங்க. விக்கிறதுக்கு வீட்டு வாசல்ல ஒரு பொட்டி இருக்கு, அதுல போட்டுட்டு படுத்தா காலைல காசு கையில இருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, சாக்கு வரலன்னு சொல்ல மாட்டாங்க, ரோட்டுல நெல்லக் கொட்டி மழைக்கு தார்ப்பாய் போட்டு ராக்காவல் காக்க வேணாம். இத ஆடுற டெல்டாக்காரனுக்கு உண்மையான கற்பனை உலகம் எதுன்னா அந்த பொட்டி தான், மந்திரவாதி கோபுரம் பூதம் எல்லாம் அப்புறம்.

இந்த கேம்ல நெல்லும் உண்டு. வசந்த பருவத்துல நாத்து வாங்கி நடலாம், எட்டு நாள்ல அறுப்பு. குளம் ஆறுன்னு தண்ணி இருக்குற எடத்துல இருந்து மூணு கட்டத்துக்குள்ள நட்டா தண்ணியே ஊத்த வேணாம், எட்டு நாளு ஆறு நாளாகிடும், அருவாளால அறுத்து மில்லுல போட்டா மறுநா அரிசி. எங்க அப்பாட்ட காட்டுனேன், ஆடுதுறை 43 போட்டா 110 நாளு ஆகும்னு கணக்கு வச்சிருக்குற மனுசன் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு "தண்ணி எங்கேருந்து வருது"ன்னாரு. அந்த குளம் வத்தவே வத்தாதுப்பான்னேன். "அப்ப ஜூன் 12ம் கெடையாது, முறைப்பாசனமும் கெடையாது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஜூன் 12ல மேட்டூரு தொறப்பாங்களா, தொறந்தாலும் கடைமடைக்கு வந்து சேருமான்னு வருசா வருசம் வானத்தையும் நியூஸையும் பாத்துக்கிட்டு இருக்குற ஊருல, செஞ்ச வேலைக்கு கூலி நிச்சயம்ங்கிற ஒரு எடம் போனுக்குள்ள இருக்குன்னா அது மேல ஒரு இழுப்பு வரத்தான் செய்யும்.

ஆனா அந்த இழுப்பு மட்டும் இருந்தா ஒரு பருவத்துல தீந்துடும். எங்க பாத்தாலும் "மொத வருசத்துலயே பத்து லட்சம் சம்பாதிக்க வழி"ன்னு வீடியோ கெடக்கும், அத பாத்து ஆடுனா கணக்குப்புள்ள வேலை தான் பாப்பீங்க. ஆளுங்க கிட்ட வாங்க. தெனம் ஒரு தடவ பேசுனாலே சினேகம் கொஞ்சம் ஏறும். ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு கிஃப்ட் தான் குடுக்கலாம், ஒரே நாள்ல ரெண்டு குடுக்க முடியாது. பொறந்தநாள் அன்னைக்கு குடுத்தா அதே பொருளுக்கு எட்டு மடங்கு பலன், யாருக்கு என்னைக்கு பொறந்தநாளுன்னு வெதை விக்கிற பியர்ங்கிறவரோட கடை வாசல்ல காலண்டர் தொங்குது. புதன்கெழம அந்த கடை லீவு, அத மறந்துட்டு வெதை வாங்கப் போயி பூட்டுன கதவ பாத்துட்டு வர்றது எல்லாருக்கும் நடக்குறது.

யாருக்கு என்ன புடிக்கும்னு இன்டர்நெட்ல லிஸ்ட்டு இருக்கு, மொத வருசம் அத தொறக்காதீங்க. பேச்சுலயே சொல்லுவாங்க, காது குடுத்தா போதும். ஜார்ஜ்னு ஒரு பெருசு இருக்காரு, சக்கர நாற்காலில உக்காந்து பூரா நாளும் டிவி, யாரு போனாலும் எரிஞ்சு விழுவாரு. நம்ம தெருவுலயும் அப்படி ஒருத்தரு இல்லாமயா இருக்காரு. வசந்தத்துல லீக்குன்னு ஒரு பச்சைத் தாளு வழியோரத்துல தானா மொளைச்சுக் கெடக்கும், அத எடுத்துட்டுப் போயி அவருகிட்ட குடுத்துப் பாருங்க, அவ்வளவு சந்தோசம் அந்த மனுசனுக்கு அதுல. பைசா செலவில்ல. விடாம குடுத்துக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா பேச்சு மாறும், அந்த மாறுறது தான் கேமு. சில பேரு ரூமுக்குள்ள போகணும்னா சினேகத்த அளக்குற ஹார்ட்டு ரெண்டாவது இருக்கணும், இல்லாட்டி கதவு தொறக்காது. திண்ணையோட நிக்கிறவங்களும் அடுப்படி வரைக்கும் போறவங்களும்னு நம்ம வீட்டுல இருக்குற கணக்கு தான் அது.

அப்புறம் குப்பைத்தொட்டிய கிண்டலாம், சில நேரம் நல்ல பொருளு கெடைக்கும், ஆனா யாராவது பாத்தா மொகத்த சுளிச்சு சினேகமும் கொறஞ்சுடும். மலைப்பக்கம் கூடாரத்துல இருக்குற லைனஸ் ஒருத்தரு மட்டும் தப்பா நெனைக்க மாட்டாரு. ஏன்னு நீங்களே அவருகிட்ட பழகித் தெரிஞ்சுக்கங்க.

மழை பேஞ்சா தண்ணி ஊத்துற வேலை இல்ல, எனர்ஜி முழுசா மிச்சம். பழகுன கைங்க எல்லாம் அன்னைக்கு சுரங்கத்துக்கு ஓடும். நான் சொல்றது, அன்னைக்கு ஊருக்குள்ள போங்க, வழக்கமா வெளிய சுத்துறவங்க அன்னைக்கு வேற எடத்துல இருப்பாங்க, பேச்சும் வேறயா இருக்கும். டிவில மொத நாளே வானிலை சொல்லிடுவாங்க, நம்ம ஊரு வானிலைய விட நம்பலாம்.

அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ் நின்டெண்டோவோட ஸ்விட்ச் வகை கேம் மெஷின்ல மட்டும் தான் ஓடும், அது பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வந்தா தான் உண்டு. 2020 மார்ச்சுல வந்துச்சு, எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்த நேரம், அதனாலயே பத்திக்கிச்சு. அதுல நேரம் நம்ம கடிகாரத்தோட ஓடும், இங்க ராத்திரின்னா அங்கயும் ராத்திரி. ஆரம்பத்துல பூமியோட வட பாதியா தென் பாதியான்னு கேக்கும், வட பாதின்னு குடுங்க. வீட்டுக்கு கடன் குடுக்குறவருக்கு வட்டி கெடையாது, கெடுவும் கெடையாது, அத நம்பவே நமக்கு நாளாகும். ஞாயித்துக்கெழம காலைல டர்னிப் கெழங்கு வாங்கி, வெல ஏறுன நாள்ல விக்கணும், வெல தெனம் ரெண்டு தடவ மாறும், அடுத்த ஞாயிறு வந்தா அழுகிடும். சந்த பழக்கம் உள்ளவங்களுக்கு அது அல்வா. ஆனா கடிகாரத்த முன்ன பின்ன தள்ளி வச்சு ஆடாதீங்க, தெனம் அர மணி நேரம் போதும். ஆறு மாசம் தொறக்காம விட்டுட்டுப் போனா களை மண்டிக் கெடக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அதுல பேசுற மிருகங்க தான், அதுங்க இத்தன நாளா எங்க போயிட்டன்னு கேக்கும். துபாய்ல இருந்து லீவுக்கு வந்த எங்க சித்தப்பா மவன் அத படிச்சுட்டு, பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே நம்ம தெருவே இத தாண்டா கேட்டுச்சுன்னான்.

சிம்ஸ் 4 கம்ப்யூட்டர்ல 2022 அக்டோபர்ல இருந்து இலவசம். மேல மேல வாங்க சொல்லி பேக்கு வித்துக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணும் வேணாம், அடிப்படை கேமே ஏராளம். மொத குடும்பத்துக்கு மதர்லோடுங்கிற குறுக்குவழி வார்த்தைய போட்டு 50,000 சிமோலியன், அதாவது அந்த கேம் காசு, ஏத்திக்காதீங்க, பணம் வந்துட்டா கத நின்னு போயிடும். ஒத்த ரூம், ஒரு கட்டிலு, ஒரு அடுப்புன்னு வச்சு ஆரம்பிங்க. பசி, தூக்கம், குளியலு, கக்கூஸு, பேச்சுத்துணை, பொழுதுபோக்குன்னு ஆறு தேவை இருக்கு, ஆறுக்கும் நீங்களே ஓடாதீங்க, அவங்க போக்குல விட்டுட்டு கொஞ்ச நேரம் கைய வைக்காம பாருங்க, மாமியாரும் மருமவளும் ஒரே அடுப்படில நின்னா என்ன ஆகும்னு அவங்களே காட்டுவாங்க. பேசுறது சிம்லிஷ்னு ஒரு இல்லாத மொழி, தலைக்கு மேல படம் தான் வரும், அதனால இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் கூட உக்காந்து சீரியல் மாதிரி பாக்கலாம். ஸ்டார்டியூல தமிழ் கெடையாது, இங்கிலீஷ் ரொம்ப லேசு தான், வீட்டுல பெருசுங்களுக்கு படிக்கிற புள்ளைய விட்டு வாசிச்சு சொல்லச் சொல்லுங்க, அந்த வாசிப்புல புள்ளைக்கும் நாலு வார்த்த ஏறும்.

இன்னும் ஒண்ணு, ஸ்டார்டியூல குளிர்காலம் வந்ததும் நெறைய பேரு கேம விட்டுடுறாங்க, ஏன்னா வெளில நட பெருசா ஒண்ணும் இருக்காது, நெலம் வெள்ளையா கெடக்கும். நம்ம பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே உளுந்த தெளிச்சு விட்டுட்டு, அறுப்பு முடிஞ்சா கோயில் திருவிழா கல்யாணம் காதுகுத்துன்னு கெளம்புறோம்ல, அப்படி கெளம்ப வேண்டிய மாசம் அது. தெனம் ரெண்டு வீடுன்னு வச்சுக்கங்க. 25ஆம் தேதி ஊரே கூடி விருந்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆளு பேரு வரும், அவங்களுக்கு நீங்க கிஃப்ட் குடுக்கணும், உங்களுக்கு யாரு குடுப்பாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பேரு வந்ததும் அவங்க வருசம் பூரா பேசுனதுல என்ன கேட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, பொட்டில மிச்சம் கெடந்த பார்ஸ்னிப்ப எடுத்து நீட்டிடாதீங்க.